ஊர் ஊரா பறக்கிற நம்ம ஆளுங்களுக்கு அழைப்பு மட்டும் வச்சு ஒரு வட்டம்: சிங்கப்பூர்ல ஆரம்பிக்கிறது எப்படி

ஜவுளி, மெஷின் பார்ட்ஸ், ஷிப்பிங், ஐடி, மசாலா ஏத்துமதின்னு நம்ம ஆளுங்க சிங்கப்பூர்ல இருந்து ஜகார்த்தா, துபாய், குவாங்ஜோ, சென்னைன்னு சுத்திக்கிட்டேதான் இருக்காங்க, ஆனா ஒருத்தர் போறது இன்னொருத்தருக்குத் தெரியறதில்ல. திரும்பி வந்து தேக்காவுல கோப்பி குடிக்கும்போதுதான் "அட, அந்த வாரம் நானும் அங்கதானே இருந்தேன்"னு ரெண்டு பேரும் தலையில அடிச்சுக்கறது. அந்த ஊர்ல ஒரு நல்ல வக்கீல் யாரு, எந்த கஸ்டம்ஸ் ஏஜென்ட் நேர்மையான ஆளு, ராத்திரி பத்து மணிக்கு சைவ சாப்பாடு எங்க கெடைக்கும், இதெல்லாம் பக்கத்து ஹோட்டல்ல இருந்த நம்ம ஆளுக்கே தெரிஞ்சிருக்கும். இந்த ஓட்டைய அடைக்கறதுக்குத்தான் இந்த மாதிரி வட்டம். இதுக்குப் பெரிய ஆப் எல்லாம் வேணாம், முப்பது நாப்பது நல்ல ஆளுங்களும் ஒழுங்கா ஒரு ஷீட்டும் இருந்தா போதும்.

பெரிய அளவுல இத செஞ்சவங்க கதை கொஞ்சம் தெரிஞ்சிக்கறது நல்லது. 2004ல ஏஸ்மால்வேர்ல்டுன்னு ஒரு சோஷியல் நெட்வொர்க் வந்துச்சு, ஸ்வீடன்காரர் எரிக் வாக்ட்மைஸ்டர் ஆரம்பிச்சது, உள்ள இருக்கறவங்க கூப்பிட்டாதான் நுழைய முடியும், அடிக்கடி நாடு விட்டு நாடு போற பணக்கார கூட்டத்துக்குன்னே வச்சது. அதே வருஷம்தான் ஆர்குட்டும் ஜிமெயிலும் அழைப்பு வச்சு ஆரம்பிச்சாங்க, ஜிமெயில் அழைப்ப ஈபேல காசுக்கு வித்த கூத்தெல்லாம் நடந்துச்சு. ஆனா நமக்கு ரொம்ப நெருக்கமானது 2007ல வந்த டாப்ளர். அடிக்கடி ட்ராவல் பண்றவங்க அடுத்த ட்ரிப்ப அதுல போட்டு வச்சா, தெரிஞ்சவங்க யாராவது அதே ஊர்ல அதே நாள்ல இருந்தா சொல்லிரும். வேலை அவ்ளோதான், ஆனா அந்த வேலை பிரமாதம். 2009ல நோக்கியா வாங்குச்சு, அப்புறம் அது அப்படியே அடங்கிப் போச்சு. நம்ம விவரத்த அடுத்தவன் கம்பெனில வச்சா அவன் கடைய மூடுற அன்னிக்கு நம்மளும் தெருவுலதான், அதனால லிஸ்ட் எப்பவும் நம்ம கையில ஒரு காப்பி இருக்கட்டும்.

சரி, ஆரம்பிக்கிறது எப்படி.

மொதல்ல ஆறேழு பேர் போதும், ஆனா அந்த ஆறேழு பேர் ஒரே தொழில்ல இருக்கக்கூடாது. எல்லாரும் ஐடின்னா எல்லாரும் பெங்களூருக்கும் ஹைதராபாத்துக்கும்தான் போவாங்க, எல்லாரும் ஒரே டெண்டருக்கு அடிச்சுக்கற ஆளுங்களா இருந்தா யாரும் எங்க போறேன்னு வாயே தெறக்க மாட்டாங்க. ஒரு ஷிப்பிங்காரர், ஒரு ஆடிட்டர், துணி வாங்கப் போற ஒரு அக்கா, மெடிக்கல் சாமான் விக்கற ஒரு தம்பி, இப்படி கலந்து எடுங்க. இன்னொண்ணு, நெஜமாவே அடிக்கடி போற ஆளுங்களா பாருங்க. வருஷத்துக்கு ஒரு தடவ குடும்பத்தோட ஊருக்குப் போறவரு எவ்ளோ நல்ல மனுஷனா இருந்தாலும் அவருக்கு இதுல வேலை இல்ல, அவர் தினமும் காலைல குட்மார்னிங் பூ படம்தான் அனுப்புவாரு.

ஆள் தேடறதுக்கு இடம் ஏற்கனவே இருக்கு. சிங்கப்பூர் இந்தியர் வர்த்தக தொழிற்சபை 1924ல இருந்து இருக்கு, அவங்க நடத்தற சந்திப்புக்குப் போனா கார்டு மாத்திக்கற ஆளுங்கள்ல யாரு நெஜமா ஊர் சுத்தறவங்கன்னு ரெண்டு நிமிஷத்துல தெரிஞ்சிரும், "அடுத்து எங்கண்ணே?"ன்னு கேட்டா தேதியோட பதில் வரும். வேற நாட்டு ஆளுங்களோட கலக்கணும்னா இன்டர்நேஷன்ஸ் மாதிரி இருக்கறதுலயும் சேந்துக்கலாம், அது 2007ல மியூனிக்ல ஆரம்பிச்சது, சிங்கப்பூர்லயும் சந்திப்பு நடத்தறாங்க. ஆனா அதெல்லாம் பெரிய கடல், நம்மளது சின்னதா இருக்கறதுதான் அதோட பலமே.

இப்ப முக்கியமான விஷயம், வாசல். அழைப்பு மட்டும்னு சொல்லிட்டு லிங்க்க எல்லாருக்கும் அனுப்பினா அது அழைப்பு இல்ல, நோட்டீஸ். நான் சொல்ற ஒரே சட்டம் இதுதான்: கூப்பிடறவர்தான் ஜவாப்தாரி. பொண்ணு குடுக்கற வீட்டுல மாப்ளைய பத்தி விசாரிக்கற மாதிரி, "இவர எப்படித் தெரியும், எத்தன நாளா தெரியும், இவரோட கொடுக்கல் வாங்கல் வச்சிருக்கீங்களா"ன்னு கூப்பிடறவர்கிட்ட கேக்கணும், அவர் குரூப்லயே நாலு வரி எழுதணும். அந்த நாலு வரி எழுதத் தயங்கினார்னா விஷயம் முடிஞ்சுது. அப்புறம் புதுசா வந்தவர் தப்புத்தண்டா பண்ணா அவர் மட்டும் போக மாட்டாரு, கூப்பிட்டவருக்கும் ஒரு வருஷம் யாரையும் கூப்பிட முடியாது. கேக்க கடுமையா இருக்கும், ஆனா இது ஒண்ணு இருந்தா மத்த பாதி சட்டம் தேவையே படாது. ஒருத்தருக்கு வருஷத்துக்கு ரெண்டு அழைப்புக்கு மேல குடுக்காதீங்க, நெறைய குடுத்தா முதலாளிய குளிர வைக்கறதுக்கும் மச்சானுக்கு வேலை தேடறதுக்கும்தான் செலவாகும்.

அழைப்பும் ஒரே மாதிரி ஃபார்வர்டா போகாம ஆள் பேர் சொல்லி போகட்டும். இப்படி எழுதலாம்:

"அண்ணே வணக்கம், நாங்க கொஞ்ச பேர் அடிக்கடி வெளியூர் போறவங்க ஒரு சின்ன குரூப் வச்சிருக்கோம், எந்த ஊருக்கு எப்ப போறோம்னு மட்டும் போட்டு வைப்போம், ஒரே ஊர்ல இருந்தா சேந்து சாப்பிடுவோம், விக்கறது வாங்கறது கெடையாது. நீங்க மாசா மாசம் ஜகார்த்தா போறீங்கன்னு தெரியும், அங்க போற இன்னும் ரெண்டு பேர் இருக்காங்க. விருப்பம் இருந்தா சொல்லுங்க, உங்களுக்காக நான் பேசறேன்."

இதுல பெருமை எதுவும் இல்ல பாருங்க, 'எக்ஸ்க்ளூசிவ்'ங்கற வார்த்தையே இல்ல. அத போட்டா தப்பான ஆளுங்கதான் ஓடி வருவாங்க.

எதுல நடத்தறது? வாட்ஸ்அப் எல்லார்கிட்டயும் இருக்கு, ஒரு குரூப்ல 1024 பேர் வரைக்கும் போடலாம், நமக்கு அதுல பத்துல ஒரு பங்கு கூட வேணாம். செட்டிங்ஸ்ல அட்மின் ஒத்துக்கிட்டாதான் புதுசா ஆள் சேர முடியும்னு ஒண்ணு இருக்கு, அத போட்டுருங்க, லிங்க் எங்கயாவது கசிஞ்சிருச்சுன்னா ரீசெட் பண்ணிருங்க. வாட்ஸ்அப்ல ஒரே குறை, எல்லார் நம்பரும் எல்லாருக்கும் தெரியும். அது பிடிக்கலன்னா டெலிகிராம், அதுல நம்பர மறைச்சுக்கலாம், லிங்க்குக்கு எத்தன பேர் வரலாம், எப்ப வரைக்கும் செல்லும்னு அளவு வைக்கலாம். ஆனா நம்ம பெரியவங்கள டெலிகிராமுக்கு மாத்தறதுங்கறது தனி ப்ராஜெக்ட், அதுல நான் தலையிடல.

ட்ராவல் பண்றவங்களுக்குன்னு ஒரு சிக்கல் இருக்கு, ஊருக்கு ஊர் ஆப் ஓடாது. சீனாவுல ஹோட்டல் வைஃபைல வாட்ஸ்அப்பும் ஓடாது கூகுளும் ஓடாது, சிங்கப்பூர் சிம்ல ரோமிங் போட்டுக்கிட்டுப் போனா ரெண்டும் ஓடும், அதனால குவாங்ஜோ போறவங்க ரோமிங் டேட்டா வாங்கிட்டுப் போங்க, வீசாட்ங்கற சீன மெசேஜ் ஆப்பும் ஒண்ணு போட்டு வச்சிக்குங்க, அங்க இருக்கற ஆளுங்க அதுலதான் பேசுவாங்க. துபாய்ல வாட்ஸ்அப் மெசேஜ் போகும், கால் போகாது. "அண்ணே கால் எடுக்க மாட்டேங்கறாரு"ன்னு யாரும் கோச்சுக்கறதுக்கு முன்னாடியே இத குரூப் டிஸ்கிரிப்ஷன்ல எழுதி வச்சிருங்க.

பேச்சு வாட்ஸ்அப்ல இருக்கட்டும், ஆனா ட்ரிப் விவரம் ஷீட்லதான் இருக்கணும். இத மட்டும் விட்றாதீங்க. பேச்சுக்கு நடுவுல போட்ட தேதி அடுத்த நாளே மேல போயிரும், யாரும் தேடி எடுக்க மாட்டாங்க. ஒரு கூகுள் ஷீட் போதும். ஷேர் பண்ணும்போது லிங்க் வச்சிருக்கற யாரும் பாக்கலாம்னு வைக்காம ஒவ்வொருத்தர் ஈமெயிலா சேருங்க, கொஞ்சம் வேலைதான், ஆனா வாசலுக்குக் கதவு போட்டுட்டு சன்னல தெறந்து வைக்கறதுல அர்த்தம் இல்ல.

ஷீட்ல என்னென்ன வேணும்னா: பேர், ஊர், வர்ற தேதி, கிளம்பற தேதி, எந்த ஏரியாவுல தங்கறீங்க, எந்த சாயங்காலம் ஃப்ரீ, அப்புறம் கடைசில "உதவி வேணும் / உதவி பண்ண முடியும்"னு ஒரு கட்டம். ஹோட்டல் பேரும் ரூம் நம்பரும் வேணாம், ஏரியா போதும், துபாய்ன்னா தேய்ராவா, மரீனாவான்னு தெரிஞ்சா சந்திக்க இடம் பாத்துக்கலாம். யார பாக்கப் போறீங்க, எந்த கஸ்டமர்னு எல்லாம் யாரும் எழுத வேணாம், கேக்கவும் கூடாது.

ஊர் பேர ஆளாளுக்கு ஒரு மாதிரி டைப் பண்ணுவாங்க, குவாங்ஜோ, குவாங்சோ, கான்டன், மூணும் ஒரே ஊர்தான், ஆனா ஷீட்டுக்குத் தெரியாது, ஃபில்டர் போட்டா மூணும் தனித்தனியா வரும். அதனால ஊர் கட்டத்துக்கு டேட்டா வேலிடேஷன்ல ட்ராப்டவுன் வச்சிருங்க. தேதியும் அப்படித்தான், 04/05ன்னா நமக்கு மே நாலு, அமெரிக்காக்காரனுக்கு ஏப்ரல் அஞ்சு, மாசத்த எழுத்துல போடச் சொல்லுங்க. நேரம் எப்பவும் அந்தந்த ஊர் நேரம். சென்னை நமக்கு ரெண்டரை மணி நேரம் பின்னாடி, துபாய் நாலு மணி நேரம் பின்னாடி, இதுல குழம்பி ராத்திரி ரெண்டு மணிக்கு போன் அடிக்கறவங்க இன்னும் இருக்காங்க.

ரெண்டு பேர் ஒரே ஊர்ல ஒரே சமயத்துல இருக்காங்களான்னு பாக்கறதுக்கு கணக்கு ரொம்ப சிம்பிள், நான் வர்ற தேதி நீங்க கிளம்பற தேதிக்குப் பிந்தாம இருக்கணும், நீங்க வர்ற தேதி நான் கிளம்பற தேதிக்குப் பிந்தாம இருக்கணும், ரெண்டும் சரியா இருந்தா நம்ம சந்திக்கலாம். ஷீட் தெரிஞ்ச தம்பி யாராவது இருந்தா கவுன்டிஃப்ஸ் ஃபார்முலா ஒண்ணு போட்டு, பொருந்தற வரிசை பச்சையா மாறற மாதிரி பண்ணிருவாங்க. இல்லன்னா ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அட்மின் ஒரு பார்வை பாத்துட்டு "இந்த வாரம் ஜகார்த்தாவுல மூணு பேர், துபாய்ல ரெண்டு பேர்"னு ஒரு வரி போட்டா போதும். நெஜத்த சொல்லணும்னா அந்த ஒரு வரிதான் குரூப்ப உயிரோட வச்சிருக்கும், ஃபார்முலாவ விட.

ஒரு உதாரணம், குவாங்ஜோவுல நடக்கற பெரிய வர்த்தகச் சந்தை, கான்டன் ஃபேர். 1957ல இருந்து நடக்குது, வருஷத்துக்கு ரெண்டு தடவ, ஏப்ரல்ல ஒண்ணு அக்டோபர்ல ஒண்ணு, ஒவ்வொண்ணும் மூணு கட்டமா நடக்கும். மொத கட்டத்துல மெஷின், எலக்ட்ரானிக்ஸ், ரெண்டாவதுல வீட்டு சாமான், கிஃப்ட், மூணாவதுல துணிமணி. "நானும் கான்டன் ஃபேர் போறேன்"னு மட்டும் ஒருத்தர் எழுதினா பிரயோஜனம் இல்ல, மெஷின்காரரும் துணிக்கார அக்காவும் ஒருத்தரையொருத்தர் பாக்கவே மாட்டாங்க, எந்த கட்டம்னு எழுதணும். விசாவும் ஆளுக்கு ஆள் மாறும். சிங்கப்பூர் பாஸ்போர்ட் வச்சிருக்கறவங்களுக்கு 2024 பிப்ரவரி 9ல இருந்து சீனாவுக்கு 30 நாள் விசா வேணாம், ஆனா இங்க பிஆர்ரா (நிரந்தரவாசியா) இருந்தாலும் இந்திய பாஸ்போர்ட்டுன்னா விசா எடுத்துதான் ஆகணும். அவங்களுக்கு எந்தப் பேப்பர் கேட்டாங்க, எத்தன நாள் ஆச்சுன்னு போன சீசன் போனவர் எழுதற ரெண்டு வரிதான் உபயோகம். அதே மாதிரி ஏபெக் (ஆசிய பசிபிக் நாடுகளோட பொருளாதாரக் கூட்டமைப்பு) பிசினஸ் ட்ராவல் கார்டு, சிங்கப்பூரர்கள் எடுக்கலாம், ஏபெக் நாடுகள்ல இமிக்ரேஷன்ல தனி வரிசைல போயிடலாம், இந்தியா ஏபெக்ல இல்லைங்கறதால சென்னைல அத நீட்டினா வேலைக்கு ஆகாது.

வெளியூர் ஆளு சிங்கப்பூர் வழியா போகும்போது சந்திக்கறதுக்கும் ஒரு முறை இருக்கு. "ட்ரான்சிட்ல ஆறு மணி நேரம் இருக்கேன் அண்ணே, ஜூவல்ல பாப்போமா"ன்னு கேப்பாங்க. ஜூவல்ங்கறது சாங்கி ஏர்போர்ட் மால், 2019ல தெறந்தது, டெர்மினல் 1ஓட ஒட்டி இருக்கு, பாக்க அழகுதான், ஆனா அது இமிக்ரேஷனுக்கு வெளிய. ட்ரான்சிட் ஆளு அங்க வரணும்னா சிங்கப்பூருக்குள்ள நுழையணும், எஸ்ஜி அரைவல் கார்டு போடணும், விசா தேவைப்படற பாஸ்போர்ட்டுன்னா அதுவும் வேணும். இந்திய பாஸ்போர்ட் வச்சிருந்து அமெரிக்கா, பிரிட்டன், ஜப்பான் மாதிரி சில நாட்டு விசாவும் கையில இருந்தா 96 மணி நேரம் விசா இல்லாத ட்ரான்சிட்னு ஒரு வசதி இருக்கு, ஆனா நிபந்தனை இருக்கு, ஐசிஏ (இமிக்ரேஷன் ஆபீஸ்) வெப்சைட்ல பாத்துட்டு வரச் சொல்லுங்க, நீங்களே "வந்துரலாம் வந்துரலாம்"னு சொல்லிறாதீங்க. வெளிய வர முடியற ஆளுன்னா ஜூவல்லயே ஒரு கோப்பி. அரை நாள் இருக்கற ஆளுன்னா சிராங்கூன் ரோடு, 1947ல இருந்து இருக்கற கோமள விலாஸ்ல ஒரு தோசை, சைவமா அசைவமான்னு கேக்கற வேலையும் மிச்சம். ஆபீஸ் பக்கம் தங்கறவங்களுக்கு லாவ் பா சாட் சாப்பாட்டுக் கடைத்தொகுதி, சாயங்காலம் பக்கத்து ரோட்ட மூடி சத்தே கடை போட்டுருவாங்க, சத்தமா இருக்கும், அதனால காசு விஷயம் பேச ஏத்த இடம் இல்ல, சிரிச்சுப் பேச ஏத்த இடம்.

பெண்கள் சேரும்போது ஒரு விஷயத்த ஆரம்பத்துலயே எழுதி வைங்க, மொத சந்திப்பு பொது இடத்துலதான், ஹோட்டல் ரூம்ல இல்ல, தனிச்செய்தி அனுப்பறதுக்கு முன்னாடி குரூப்ல கேட்டுட்டு அனுப்பணும். இத அக்காமாரே வந்து கேக்கற வரைக்கும் விட்டா லேட்டு, அதுக்குள்ள ரெண்டு பேர் சத்தமில்லாம வெளிய போயிருப்பாங்க, ஏன்னும் சொல்ல மாட்டாங்க.

அடுத்தது, எந்த நல்ல குரூப்பையும் கெடுக்கறது: பார்சல். "தம்பி, திருச்சிதானே போறீங்க, ஒரு சின்ன டப்பாதான், மருந்து"ன்னு ஆரம்பிக்கும். வேணாம். அண்ணனோ மாமாவோ யாரா இருந்தாலும் வேணாம். சிங்கப்பூர்ல போதைப்பொருள் சட்டத்துல, உங்க கையில இருந்தா அது என்னன்னு உங்களுக்குத் தெரியும்னுதான் சட்டம் எடுத்துக்கும், தெரியாதுன்னு நிரூபிக்கற வேலை உங்களோடது, அளவு தாண்டினா தூக்கு வரைக்கும் போகும். வேப்பும் இங்க தடை. தங்கம், ஐபோன்னு குருவி வேலை பாக்கச் சொல்லி கேக்கறவங்கள மொத தடவயே வெளிய அனுப்பிருங்க, இதுல ரெண்டாவது வாய்ப்பெல்லாம் கெடையாது.

அதே வரிசைல உண்டியல். "நான் இங்க டாலர் தர்றேன், உங்க ஆளு ஊர்ல ரூபா குடுக்கட்டும்"னு பேச்சு வந்தா அட்மின் உடனே நிறுத்தணும். லைசென்ஸ் இல்லாம இத தொழிலா பண்றது 2019 பணப்பட்டுவாடா சேவைகள் சட்டத்துல குத்தம், வருஷக்கணக்கா ஊர்ல நடக்குதேங்கறது ஒரு பதிலே இல்ல. ரொக்கமா எடுத்துட்டுப் போறவங்களும் 20,000 சிங்கப்பூர் வெள்ளிக்கு மேல இருந்தா போகும்போதும் சொல்லணும், வரும்போதும் சொல்லணும்.

விக்கறது, இன்ஷூரன்ஸ், எம்எல்எம், கிரிப்டோ, இதுக்கெல்லாம் ஒரே பதில், வேற எடம் பாருங்க. ஒருத்தர் தொழில் என்னன்னு அறிமுகத்துல ஒரு தடவ சொல்லலாம், அதுக்கப்புறம் யாராவது கேட்டாதான்.

பாதுகாப்பு பத்தி ரெண்டு வார்த்தை. இந்த ஷீட் திருடனுக்குக் கெடச்சா யார் வீடு எப்ப காலின்னு லிஸ்ட் போட்டுக் குடுத்த மாதிரி ஆயிரும், அதனால ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெளிய அனுப்பறது வெளியேத்தற அளவுக்குக் குத்தம்னு வைங்க. முடிஞ்ச ட்ரிப்ப மாசக்கடைசில அழிச்சிருங்க, போன வருஷம் யாரு எங்க போனாங்கங்கற கணக்கு யாருக்கும் தேவை இல்ல. எல்லாரும் வாட்ஸ்அப்ல ரெண்டு அடுக்கு பின் நம்பர் போட்டிருக்கணும், ஒருத்தர் கணக்கு களவு போனா அடுத்த நிமிஷம் "அண்ணே நான் ஜகார்த்தாவுல மாட்டிக்கிட்டேன், 2,000 வெள்ளி அனுப்புங்க"ன்னு வரும், நீங்க நெஜமாவே அவர் ஜகார்த்தாவுல இருக்கார்னு ஷீட்ல பாத்திருப்பீங்க, நம்பிருவீங்க. அதனால குரூப்ல காசு கேட்டா, கால் பண்ணி குரல கேட்டுதான் பேச்சு. சந்தேகமா இருந்தா 1799, மோசடியான்னு கேட்டுக்கற ஸ்கேம்ஷீல்டு நம்பர்.

சட்டப்படி பாத்தா, நண்பர்கள் தங்களுக்குள்ள வச்சிக்கற லிஸ்டுக்குத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வராது, ஆனா அந்த நம்பர எடுத்து கம்பெனி மார்க்கெட்டிங்குக்குப் போட்டா அப்ப வரும். அதே மாதிரி சங்கங்கள் சட்டத்துல பத்து பேரு, அதுக்கு மேல இருக்கற எந்த அமைப்பையும் சங்கம்னுதான் சொல்லுது, பேரு வச்சு, கமிட்டி போட்டு, சந்தா வாங்கற ஆசை வந்தா சங்கப் பதிவகத்துல பதிஞ்சுட்டுப் பண்ணுங்க. என் அபிப்பிராயம், சந்தாவே வாங்காதீங்க, தலைவர் செயலாளர் எல்லாம் போடாதீங்க. பதவி வந்துச்சுன்னா அடுத்த மாசம் எலெக்‌ஷன் சண்டை வந்துரும், அப்புறம் யாரும் எந்த ஊருக்கும் போறேன்னு எழுத மாட்டாங்க. சாப்பிட்ட காசு அவங்கவங்க பேநவ்ல (போன்லயே காசு அனுப்பறது).

கடைசியா ஆள் குறைக்கறது. ஆறு மாசம் ஷீட்ல ஒரு வரி கூட போடாதவருக்கு அட்மின் தனியா ஒரு மெசேஜ் போடணும், "அண்ணே, ட்ராவல் குறைஞ்சிருச்சா? இப்போதைக்கு பேர எடுத்து வைக்கட்டா, திரும்ப பறக்க ஆரம்பிச்சா ஒரு வார்த்தை சொல்லுங்க, யாரும் புதுசா சிபாரிசு பண்ணத் தேவையில்ல"ன்னு. இப்படிக் கேட்டா யாரும் கோச்சுக்க மாட்டாங்க, பாதி பேர் "நானே சொல்லணும்னு இருந்தேன் தம்பி"ன்னுதான் பதில் போடுவாங்க. எடுக்கும்போது வாட்ஸ்அப்ல மட்டும் எடுத்துட்டு ஷீட் அனுமதிய மறந்துறாதீங்க, ரெண்டுலயும் எடுக்கணும்.